சட்டாம்பிள்ளையும் பிரம்பும்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் எழும் வினா ஒன்று உண்டு. நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் அடங்கியிருக்கச் செய்து பாடம் சொல்வது எவ்வாறு என்பதே அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னிடம் இளம் ஆசிரியர்கள் இதனையே கேட்கின்றனர். "பிரம்பை எடுக்கக் கூடாது என்கிறார்கள்; அதனிடத்தில் எதை வைப்பது?" என்பது அவர்களது மனக்குறை. இதற்கு விடை தேடிக் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. உண்மையில், அவ்விடை இங்கிருந்துதான் ஒருமுறை கடல் கடந்து சென்றது.

நம் ஊர்களில் முன்னாளில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். 1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் செய்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. பெரும்பாலானவற்றில் ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர், பல நிலையினர். ஒருவர் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது இயலாது. ஆதலின் முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குக் கற்பித்தான். அவனே சட்டாம்பிள்ளை. சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதுவர். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவர். கையும் வாயும் வேலையில் இருக்கும்போது குறும்புக்கு நேரம் ஏது?

இக்காட்சியைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்த அவர், 1789-இல் எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்காக அமைந்த ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்த ஆசிரியர்களால் ஒழுங்கை நிலைநாட்ட முடியவில்லை. ஒருநாள் குதிரை மீது செல்கையில், ஒரு மலபார்ப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தமிழரையும் 'மலபாரிகள்' என்றே ஐரோப்பியர் அழைத்த காலம் அது. தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். முடியாது என்றார் துணையாசிரியர். பெல் வாதாடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று.

பிறகு பள்ளி முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை வந்தது. குற்றங்களைக் குறிக்க ஒரு கரும்புத்தகம் இருந்தது. வாரந்தோறும் அதனைப் பள்ளியார் முன் படித்து, குற்றம் செய்தவன் மீது மாணவர்களே தீர்ப்புச் சொல்வர். தன்னையொத்தவர் சொல்லும் தீர்ப்பின் முன் பிரம்புக்கு வேலை குறைந்தது.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இச்சோதனையை நூலாக வெளியிட்டார். அங்கே இதற்குச் 'சென்னை முறை' என்றே பெயராயிற்று. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய முறையைக் கையாண்டு நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவர்களை ஒரே கூடத்தில் இருத்திக் கற்பித்தார். எனினும் குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவதும், கூடையில் இட்டு மேலே தொங்கவிடுவதும் அவருடைய தண்டனைகளாக இருந்தன. பிள்ளைத் தலைவர்கள் பொருள் உணராது ஒப்பிக்கவே பழக்கினர் என்ற குறையும் எழுந்தது. 1846 முதல் இங்கிலாந்து வேறு முறையை நாடிற்று.

நம் நாட்டுத் திண்ணையும் குற்றமற்றதன்று. பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில் இரண்டையும் காணலாம். மூத்த பிள்ளைகள் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்கிறார். அதே அறிக்கையில், பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படுவதையும், மூன்றாவதாக வருபவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி என்று அடி ஏறிக்கொண்டே போவதையும், சோம்பியவனைக் கைகளைக் கட்டி விட்டத்தில் தொங்கவிடுவதையும் குறிக்கிறார். தமிழ்நாட்டில் இதனைக் கோதண்டம் என்பர்.

ஆக, ஒரே திண்ணையில் இரண்டு வகை ஒழுங்கு இருந்தன. ஒன்று வேலையால் வந்தது. மற்றொன்று அச்சத்தால் வந்தது. காலப்போக்கில் நாம் முதலாவதை மறந்தோம். இரண்டாவதைப் போற்றி வைத்தோம். பிறருக்குக் கற்பித்த சட்டாம்பிள்ளை, பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஆனான். இன்று அச்சொல்லே ஏச்சாக வழங்குகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் பதினேழாம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்துவிட்டது. கோதண்டத்தின் வழி அடைபட்டது நன்றே. அடைபடாத வழி மற்றொன்று இருக்கிறதே, அதில் நடக்கலாகாதா? வகுப்பில் ஓயாது ஓடும் பிள்ளையிடம் பலகை துடைக்கும் பொறுப்பையும், எழுத்தறியாத தோழன் ஒருவனையும் ஒப்படைத்துப் பாருங்கள். வாரந்தோறும் பொறுப்பு கைமாறட்டும். ஒருவனே தலைவனாக நிலைத்தால் சிறு கொடுங்கோலன் ஆவான். பெயர் எழுதும் வேலையை மட்டும் எவருக்கும் தர வேண்டா.

எட்டு வயதுச் சிறுவனை நம்பிய ஒரு பள்ளி எழும்பூரில் இருந்தது. அந்நம்பிக்கைக்கு வழிகாட்டியது பெயர் தெரியாத ஒரு தமிழ்த் திண்ணை. அதனை மீட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆசிரியரின் பொறுமை ஒன்றே வேண்டும்.