சகுவானாஸ் என்னும் பெயர்

மேற்கிந்தியத் தீவுகளுக்கு வரலாறு உண்டா? 1962இல் வெளிவந்த 'தி மிடில் பாசேஜ்' என்னும் பயண நூலில் வி. எஸ். நைபோல் ஏறக்குறைய இல்லையென்றே விடை பகர்ந்தார். எழுதிவைக்கத் தக்க ஆக்கம் எதுவும் அங்கு நிகழவில்லை என்பது அவர் கட்சி. அவர் பிறந்த திரினிடாட் சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டில்தான். பிரதமர் எரிக் வில்லியம்ஸ் ஒரு வரலாற்றறிஞர்; தம் நாட்டு மக்களின் வரலாற்றைச் சுதந்திரப் பரிசாகவே எழுதி வெளியிட்டார்.

எந்த மக்கள்? ஸ்பானியர், 1783க்குப் பின் குடியேறிய பிரெஞ்சுத் தோட்டக்காரர், 1797இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆபிரிக்கர், 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய ஏறத்தாழ 1,44,000 இந்தியர். சென்னையிற் கப்பலேறியவர்களும் இவர்களுள் உண்டு. இத்தனை பேருள் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்டவர்களே. கூலியின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் பதிவேட்டிற் கிடைக்கும். அவன் கப்பலில் எதை நினைத்து அழுதான் என்பது கிடைக்காது. (ஒல்லாந்தர் எழுதிவைத்த நமது தோம்புகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிதன்று.)

இவர்கள் எல்லோருக்கும் முன்னரே அங்கு வாழ்ந்தவர்களின் கதை இன்னும் மோசம். அதைக் கண்டெடுத்தவர் நைபோலே என்பதுதான் வேடிக்கை. 1969இல் வெளிவந்த 'தி லொஸ் ஒப் எல் டொராடோ' என்ற வரலாற்று நூலுக்காகப் பிரித்தானிய நூதனசாலையில் ஸ்பானிய ஆவணங்களைப் படித்தவர் அவர். அங்கே 1625ஆம் ஆண்டுக் கடிதமொன்று அவர் கண்ணிற் பட்டது. ஸ்பானிய மன்னர் திரினிடாட் ஆளுநருக்கு எழுதியது. சகுவானேஸ் என்றொரு இனத்தார், ஆயிரத்துக்கு மேற்பட்டோர், ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அவர்களுக்கு வழிகாட்டியவர்கள். அவர்களைத் தண்டித்து, நடந்ததை அறிவிக்கும்படி மன்னர் பணிக்கிறார். அதன் பின் அந்த ஆவணங்களில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நைபோல் பிறந்த ஊரின் பெயர் சகுவானாஸ்.

2001இல் நோபல் பரிசு ஏற்றபோது இதை அவரே சொன்னார். 1962இல் அவர் கூறியது தவறென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அங்கு வரலாறு இல்லாமலில்லை. ஆயிரம் பேர் கொண்ட ஓரினம் ஏட்டில் ஏறியதே தண்டனைக்காகத்தான். அந்தக் காரியம் முடிந்ததும் எழுதுகோலும் ஓய்ந்துவிட்டது.

ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. பின்னாளில் அங்கு பெருந்தொகையாகக் குடியேறிய இந்தியருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. தமக்குப் பழகிய சாதிப் பெயராக்கி, 'சௌகான்' என்றே பலர் அழைத்தனர். சிறுவன் நைபோல் கேட்டு வளர்ந்ததும் அந்தப் பெயரைத்தான்.