ஈரானில் பிரிந்த நண்பர்கள்

இரண்டாம் உலகப் போரில் தோளோடு தோள் நின்ற வல்லரசுகள் எங்கே பகைக்கத் தொடங்கின என்று மாணவர் கேட்டால், பெர்லின் நகரைச் சுட்டிக் காட்டுவது ஆசிரியர்களாகிய நம் வழக்கம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். ஆனால் 1948ஆம் ஆண்டின் பெர்லின் முற்றுகைக்கு ஈராண்டு முன்னரே, அவ்விரிசல் ஈரானில் வெளிப்பட்டுவிட்டது.

1941 ஆகஸ்டு 25ஆம் நாள் பிரிட்டிஷ் படைகளும் ருஷ்யப் படைகளும் ஈரானுக்குள் புகுந்தன. ருஷ்யாவுக்குப் போர்த் தளவாடங்கள் அனுப்ப வழி வேண்டும். எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டா புகுந்தனர்? மன்னர் ரெஸா ஷா முடிதுறந்து நாட்டைவிட்டே செல்ல நேர்ந்தது. போர் முடிந்து ஆறு மாதத்திற்குள் வெளியேறுவோம் என்று 1942 ஜனவரியில் இரு வல்லரசுகளும் உடன்படிக்கை செய்தன. 1943இல் டெஹ்ரானில் கூடிய ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் ஈரானின் சுதந்திரத்தைக் காப்பதாக எழுதியும் கொடுத்தனர்.

கெடு நாள் 1946 மார்ச் 2. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் வெளியேறினர், ருஷ்யர் அசையவில்லை. வடக்கே அஜர்பைஜானில் அவர்கள் நிழலில் தன்னாட்சி அரசு ஒன்று எழுந்திருந்தது. அங்கே கிளர்ச்சியை அடக்கச் சென்ற ஈரானியப் படையை ருஷ்யத் துருப்புகள் வழிமறித்தன. தெற்கே பிரிட்டிஷ் கம்பெனி எண்ணெய் எடுக்கும்போது, வடக்கே நமக்கு ஏன் கூடாது என்பது மாஸ்கோவின் கேள்வி. அக்கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

இந்நிலையில் ஈரானியப் பிரதமர் காவாம் மாஸ்கோ சென்று ஸ்டாலினைக் கண்டார். அவரிடம் படைபலம் இல்லை. சட்டப் புத்தகம் இருந்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அந்நியருடன் எண்ணெய் ஒப்பந்தம் பேசும் அமைச்சருக்குச் சிறைத் தண்டனை என்பது 1944ஆம் ஆண்டுச் சட்டம்; அதைக் கொண்டு வந்தவர் மொசாடெக். அந்நியப் படை இருக்கும்வரை தேர்தல் கூடாது என்பது மற்றொரு சட்டம். பழைய நாடாளுமன்றமோ அந்த மார்ச்சிலேயே காலாவதியாகிவிட்டது. ஆகவே எண்ணெய் வேண்டுமானால் படை முதலில் போக வேண்டும்! இத்துணை அழகான முடிச்சை யான் வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

இதனிடையே ஈரானின் தூதர் ஹுசேன் அலா, புதிதாய்ப் பிறந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையில் முறையிட்டார். அமெரிக்கா அவரை ஆதரித்தது. மார்ச் 27ஆம் நாள் ருஷ்யப் பிரதிநிதி குரோமிக்கோ சபையை விட்டு வெளிநடந்தார். நேற்றைய நண்பர்கள் உலகறியப் பிரிந்து நின்ற காட்சி அது. ஸ்டாலினுக்குத் தாம் இறுதி எச்சரிக்கை விடுத்ததாக ட்ரூமன் பிற்காலத்தில் கூறினார். அத்தகைய ஆவணம் எதுவும் இதுவரை அகப்படவில்லை. காவாமின் பங்கைக் குறைத்து எழுதும் நூல்களைப் படிக்கும்போது இதனை நினைவில் வைத்தல் நன்று.

ஏப்ரல் 4ஆம் நாள் ருஷ்யாவுக்கு 51 சதவீதப் பங்குடன் எண்ணெய்க் கம்பெனி அமைக்க ஒப்பந்தமாயிற்று. மே மாதத்தில் ருஷ்யப் படை வெளியேறியது. டிசம்பரில் ஈரானியப் படை தப்ரீஸ் நகருக்குள் நுழைந்தது. தன்னாட்சி அரசு வீழ்ந்தது. அதனை நம்பி நின்ற எளிய மக்களைக் காக்க மாஸ்கோ வரவில்லை.

புதிய நாடாளுமன்றம் 1947 அக்டோபரில் எண்ணெய் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டது. எதிர்த்து 102 வாக்குகள். ஆதரித்து இரண்டே இரண்டு. அவ்வாண்டு டிசம்பரிலேயே காவாமும் பதவியிழந்தார்.