சேர்தலும் விலகுதலும்

மாரியம்மன் நோம்பிக்கு மேடையேறும் மெல்லிசைக் குழுக்களில் ஆள் மாறுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கிட்டார்க்காரர் போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். பாட்டு அதே சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டுடன் வரும் குழுவில் விஷயம் வேறு. தில்லியில் 1990-ல் தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் ஸ்தாபகர்களில் அசீம் சக்ரவர்த்தி 2009-ல் இறந்தார். சுஸ்மித் சென் 2013-ல் விலகினார். குழு இன்னும் பாடுகிறது. தொடங்கிய இருவரும் இல்லாத பிறகு அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?

தமிழில் இக்கேள்வி கூர்மை பெறுவது ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை முன்வைத்து. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-ல் தேர்வு நடத்தி ஆள் சேர்த்தனர். 2018 ஜனவரி 6-ல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர், பெண் என்று இசைவாணி ஒருவரே. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த பாட்டு. பறை, சட்டி, டிரம்ஸ், கிட்டார். குழுவின் பெயர், நீலகிரியில் வளர்ந்து 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது.

அறிவு 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ வெளியிட்டார். 2021-ல் தீயுடன் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடினார். பின்னர் ‘அம்பஸா’ என்று தமக்கொரு குழு அமைத்துக்கொண்டார். இசைவாணியை 2020-ல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. கூட்டிலிருந்து தனிமனிதரைச் சந்தை பொறுக்கியெடுத்துக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அதில் உண்மை உண்டு.

ஆனால் பறையை நினைத்தால் வேறொன்று தெரிகிறது. நம் கொங்குக் கிராமங்களில் சாவுக்குப் பறையடித்த குழுவில் எவரும் தேர்வாகிச் சேர்ந்ததில்லை. பிறப்பு சேர்த்தது. தகப்பன் ஓய்ந்தால் மகன் தோளில் ஏறிற்று. அடிக்க மாட்டேன் என்றவனுக்கு வேலை இல்லை, கூலி இல்லை. விலகும் உரிமை இல்லாத இடத்தில் சேர்தல் என்ற சொல்லுக்கும் அர்த்தமில்லை. கீழ்ப்பாக்கத்து மேடையில் பறையைத் தொட்டவரோ தாமே வந்து சேர்ந்தவர், வேண்டாமென்றால் போகக்கூடியவர். ஆகவே ஆள் மாறுவதைக் குழுவின் பலவீனமாகக் கணக்கெழுதுவது தவறு என்று எண்ணுகிறேன். பெயரில் உள்ள வாக்குறுதி நிறைவேறுவதற்கு அது ஓர் அடையாளம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. விலகும் பாடகருக்கு வேறு மேடை கிடைக்கிறது. சட்டி அடிப்பவர் விலகினால் எங்கே போவார்? போனதை யார் கவனிப்பார்? இந்தக் கட்டுரையிலும் பாடியவர்கள் பெயர் வந்திருக்கிறது. அடித்தவர் பெயர் ஒன்றுகூட வரவில்லை.