மகளிர் சுய உதவிக் குழுக்களில் நிதிக் கல்வி

மகளிர் சுய உதவிக் குழுக்களில் நிதிக் கல்வி என்பது குறைந்த வருமானமுள்ள பெண்களுக்குச் சேமிப்பு, கடன், வட்டி, கணக்கெழுதுதல் ஆகியவற்றைக் குழுவின் வழியாகக் கற்பிக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் குழுக் கூட்டங்களிலேயே நடைபெறுகின்றது.

வரலாறு

தமிழ்நாட்டில் அரசு சார்ந்த மகளிர் குழுக்கள் 1989 ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கப்பட்டன. 1992 இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை இந்திய அளவில் அறிமுகப்படுத்தியது. 1997-98 இல் மகளிர் திட்டம் தொடங்கப்பட்டபின் குழுக்கள் தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவின.

கற்பிக்கும் முறை

ஒரு குழுவில் பொதுவாக 12 முதல் 20 பெண்கள் இருப்பர். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கடன் வழங்கல், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தல், முறையான கணக்கு ஆகிய ஐந்தும் அடிப்படை நெறிகளாகும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடுகளைப் பேணப் பயிற்சி பெறுகின்றனர். கூட்டத்தில் கணக்கு உரக்கப் படிக்கப்படுவதால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதனைச் சரிபார்க்க முடிகிறது.

வட்டியைக் கணக்கிடல்

கடனின் உண்மையான விலையை அறிவதே இக்கல்வியின் முக்கியப் பகுதியாகும். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடன் மாதம் 2 விழுக்காடு வட்டியில் 10 மாதத் தவணைகளில் அடைக்கப்படுவதாகக் கொள்வோம். முழு அசலுக்கும் இறுதிவரை வட்டி கணக்கிட்டால் மொத்த வட்டி 2,000 ரூபாய். மாதந்தோறும் 1,000 ரூபாய் அசல் குறைய, மீதமுள்ள அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் 1,100 ரூபாய். வட்டி வீதம் ஒன்றே. தொகையோ ஏறத்தாழ இருமடங்கு வேறுபடுகிறது.

தண்டல் கடனில் 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிப்பதுண்டு. இங்கு வட்டி 1,500 ரூபாய் மட்டுமே எனத் தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், ஆண்டு வட்டி வீதம் 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

சட்டப் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003 இல் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நுண்கடன் வழங்குவோர் ஆண்டு வட்டி வீதத்தையும் கட்டணங்களையும் கடன் விவரத் தாளில் எளிய வடிவில் தரவேண்டும். குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

குறைபாடுகள்

சில குழுக்களில் படித்த ஒருவரே கணக்குகள் அனைத்தையும் கவனிப்பதால் மற்றவர்கள் அவரையே சார்ந்திருக்க நேரிடுகிறது. பெண்ணின் பெயரில் பெறப்படும் கடனை வீட்டிலுள்ள ஆண்கள் செலவிடுவதும், தவணைப் பொறுப்பு மட்டும் பெண்ணிடம் தங்கிவிடுவதும் உண்டு. மேலும், கூலி போதாத குடும்பத்தில் கணக்கறிவு மட்டும் பற்றாக்குறையை நீக்கிவிடாது என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.