பூஜாங் பள்ளத்தாக்கு: வேலிக்கு வெளியேயும் இருக்கிறது கடாரம்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் தெற்கே, மெர்போக், மூடா ஆறுகளை ஒட்டிப் பரந்து கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. 1025ஆம் ஆண்டு முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் என்று தமிழர்கள் அறிந்திருக்கும் நிலப்பகுதி இது.

சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் பார்ப்பது மெர்போக் அருகே புக்கிட் பத்து பஹாட் மலையடிவாரத்தில் உள்ள அரும்பொருளகத்தைத்தான். அங்குள்ள பெரிய சண்டி, அதாவது பழங்கோயில், 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் நடத்திய ஆய்வில் பதிவானது, 1959–60இல் சீரமைக்கப்பட்டது. பெண்டாங் டாலாம், புக்கிட் பெண்டியாட், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களின் சண்டிகளும் பின்னர் அந்த வளாகத்துக்கே கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டன.

இடம் மாற்றினால் கட்டடம் பிழைக்கும். ஆனால் அது எந்த ஆற்றங்கரையில், எந்தத் துறையை ஒட்டி நின்றது என்ற செய்தி பழைய மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் வரலாற்றுப் பூங்காவின் முதல் வளம் நிலம் என்கிறோம். வடிகால் வெட்டுவது, செங்கல் இடுக்கில் வேர் இறங்காமல் களை எடுப்பது, அகழ்ந்த இடத்துக்குக் கூரை போடுவது, காவலுக்கு ஆள் வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பள்ளத்தாக்கின் எல்லாத் தடயங்களும் வேலிக்குள் இல்லை. பல, செம்பனைத் தோட்டங்களிலும் தனியார் நிலங்களிலும் கிடக்கின்றன. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழ்ந்துவரும் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் செங்கல் கட்டுமானங்களும் வெளிவந்தது செம்பனை நிலத்தில்தான்.

பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2013 காட்டியது. 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமன்படுத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. அது தனியார் நிலத்தில் இருந்தது; பாரம்பரியத் தளமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. ஆய்வேடுகளில் எண் இருந்தும் அந்த எண் அதைக் காப்பாற்றவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் அத்தகைய அறிவிப்புக்கு வழி தருகிறது. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளதால், மாநிலத்தின் இசைவும் தேவை. ஆகவே திட்டமிடல் என்பது அளவைப் படத்தில் தொடங்க வேண்டும்: எந்த மனையில் எந்தச் சண்டி என்பது நில அலுவலகமும் ஊராட்சி மன்றமும் வைத்திருக்கும் வரைபடத்தில் இருந்தால், மேம்பாட்டுக்கு அனுமதி கேட்கும் நாளிலேயே கேள்வி எழும்.

தோட்ட மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. குழி வெட்டும்போது பழைய செங்கல், பானை ஓடு, மணி எதுவும் கிடைத்தால் எடுத்துச் செல்லக்கூடாது. மேலும் தோண்டவும் கூடாது. பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம்.