கைகள் மட்டும் கிடைத்த டைனோசர்

1965 ஜூலை மாதம். தெற்கு மங்கோலியாவில், கோபி பாலைவனத்தின் நெமெக்ட் பகுதியில் அல்தான் உலா என்றொரு இடம். அங்கே ஒரு சரிவில் எலும்புகள் வெளியே தெரிவதைப் போலந்து-மங்கோலிய ஆய்வுக் குழுவின் தலைவி சோஃபியா கீலன்-யவரோவ்ஸ்கா பார்த்தார். தோண்டத் தோண்ட இரண்டு கைகள் வந்தன. ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம். மேற்கை எலும்பு மட்டுமே ஏறத்தாழ 94 சென்டிமீட்டர். கைக்கு மூன்று விரல்கள், விரல் நுனிகளில் வளைந்த பெரிய நகங்கள். தோள் எலும்புகளோடு சில விலா எலும்புத் துண்டுகளும் ஓரிரு முதுகெலும்புகளும் கிடைத்தன. தலை இல்லை, கால் இல்லை, வால் இல்லை.

சோஃபியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. நாஜிகளின் பிடியில் வார்சா இருந்தபோது ஒளிவுமறைவாக நடந்த வகுப்புகளில் படித்தவர் அவர். 1944-ல் அந்த நகரம் கிளர்ந்தெழுந்தபோது காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்தார். 1963 முதல் 1971 வரை கோபி ஆய்வுப் பயணங்களை நடத்தியவரும் அவரே. அவருடன் ஆய்வு செய்தவர்களில் பலரும் பெண்கள். பாலைவனத்தில் மாதக்கணக்கில் கூடாரமடித்துக் கிடப்பது ஆண்களின் வேலை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. டைனோசர் ஆய்வின் வரலாற்றில் இந்தக் குழுவுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை என்பதே என் எண்ணம்.

குழுவைச் சேர்ந்த ஹால்ஷ்கா ஆஸ்மூல்ஸ்கா, ஏவா ரோனியேவிச் இருவரும் 1970-ல் இந்தக் கைகளை விவரித்து, டெய்னோகைரஸ் என்று பெயரிட்டார்கள். வார்ப்பு நகல்கள் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: கையே இவ்வளவு என்றால் ஆள் எப்படி இருந்திருப்பான்? இரையைக் கிழித்தெறியும் ராட்சதன் என்றார்கள் சிலர். மரத்தில் தொங்கித் திரியும் ஸ்லாத் வகை விலங்குகளோடு ஒப்பிட்டார் ஒரு ரஷ்ய ஆய்வாளர். நெருப்புக்கோழியைப் போன்ற உடலமைப்புள்ள டைனோசர்களோடு இதற்கு உறவு உண்டு என்று 1972-லேயே சொன்னவர் அமெரிக்கரான ஜான் ஆஸ்ட்ரம். அவர் சொன்னதுதான் கடைசியில் சரியென்று தெரிந்தது. ஆனால் அதை உறுதிசெய்ய இன்னொரு எலும்புக்கூடு வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது அகப்படவில்லை.

2009-ல் கொரிய-மங்கோலியக் கூட்டுக் குழு, புகின் சாவ் என்ற இடத்தில் ஒரு பெரிய எலும்புக்கூட்டைக் கண்டது. அவர்களுக்கு முன்பே திருடர்கள் அங்கே வந்து போயிருந்தார்கள். விலைபோகும் பாகங்களான மண்டையோடும் கைப்பாதங்களும் கால்பாதங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. உடைந்த எலும்புகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. எஞ்சியிருந்த இடது முன்னங்கை எலும்புகளைக் கொண்டுதான் இது டெய்னோகைரஸ் என்று கண்டுகொண்டார்கள். 2006-ல் அல்தான் உலாவின் வேறொரு பகுதியில் தோண்டியெடுத்த சிறிய எலும்புக்கூடும் அதே இனம் என்பது பிறகு புரிந்தது.

மங்கோலியச் சட்டப்படி புதைபடிவங்கள் நாட்டின் சொத்து. இருந்தும் கோபியிலிருந்து எலும்புகள் கடத்தப்படுவது நிற்கவில்லை. 2012-ல் நியூயார்க் ஏலத்தில் டார்போசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் எலும்புக்கூடு பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோக, மங்கோலிய அரசு போராடி அதை மீட்டது. திருடன் கொண்டுபோவது எலும்பை மட்டுமல்ல. அது எந்தப் பாறை அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எந்த எலும்பு எதனோடு சேர்ந்தது என்ற செய்திகள் எல்லாம் அந்தக் குழியிலேயே அழிந்துபோகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இம்முறை தலை தப்பியது. ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பில் விசித்திரமான மண்டையோடும் பாதங்களும் இருப்பதை பெல்ஜிய ஆய்வாளர் பாஸ்கல் கோட்ஃப்ருவா 2011-ல் பார்த்தார். ஜப்பான், ஜெர்மனி என்று கைமாறி வந்த சரக்கு அது. திருடர்கள் புகின் சாவில் விட்டுப்போன ஒற்றைக் கால்விரல் எலும்பு, அந்தப் பாதத்தோடு அச்சாகப் பொருந்தியது! 2014 மே மாதம் எல்லாம் மங்கோலியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. லீ யோங்-நாம் தலைமையிலான குழுவின் கட்டுரை அதே ஆண்டு அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

அதில் தெரிந்த உருவத்தை யாரும் கற்பனை செய்திருக்கவில்லை. 11 மீட்டர் நீளம், 6 டன்னுக்கு மேல் எடை. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீண்ட தலையில் ஒரு பல்கூடக் கிடையாது. முகம் வாத்தின் அலகுபோல முன்னால் அகன்றிருந்தது. முதுகெலும்பின் முட்கள் உயர்ந்து நின்றதால் முதுகில் ஒரு பெரிய மேடு. வால் நுனியில், இன்றைய பறவைகளுக்கு இருப்பதுபோல ஒன்றாக இணைந்த எலும்புகள்; அங்கே இறகுகள் விசிறிபோல விரிந்திருக்கலாம். கால்விரல் நுனிகள் கூர்மையின்றித் தட்டையாக இருந்தன. ஈர மண்ணில் புதையாமல் நடக்க அது உதவியிருக்கும் என்கிறார்கள். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு நெமெக்ட் ஆறுகள் ஓடிய பூமி அல்லவா!

வயிற்றுப் பகுதியில் 1,400-க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள் இருந்தன. பல்லில்லாத கோழி மணலையும் கல்லையும் விழுங்கி இரையை அரைத்துக்கொள்வதுபோல இதுவும் இலைதழைகளை அரைத்திருக்கிறது. கற்களுக்கு நடுவே மீன் செதில்களும் மீன் முள்ளெலும்புகளும் கிடைத்தன. ஆக, ஊரை நடுங்கவைத்த அந்தக் கைகள் ஆற்றோரச் செடிகளை வளைத்துப் பிடிக்கவோ மண்ணைத் தோண்டவோ பயன்பட்டிருக்க வேண்டும். பயப்பட வேண்டியது இந்தப் பிராணிதான். 1965-ல் தோண்டிய குழியை 2008-ல் மறுபடியும் தேடிப்பிடித்தவர்கள் அங்கே கிடைத்த வயிற்றெலும்புத் துண்டுகளில் பல் தடங்களைக் கண்டார்கள். கடித்தது டார்போசாரஸ்.

பெயர் சூட்டிய இருவரில் ஒருவரான ஆஸ்மூல்ஸ்கா இந்த முழு உருவத்தைப் பார்க்காமலே 2008-ல் காலமாகிவிட்டார். சோஃபியாவுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. தான் கண்டெடுத்த கைகளுக்கு உரிய முகம் வெளியானபோது அவருக்கு வயது 89.