கப்பற்கணக்கும் கல்விக்கணக்கும்

வல்வெட்டித்துறையில் வணிகம் ஒருபோதும் தனித்து நின்ற அறிவாக இருந்ததில்லை. எமது பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் போய்வந்த காலத்தில், காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த தண்டையல் ஏற்றுகூலியையும் சரக்கின் விலையையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி, ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, நம்மூர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பற்கட்டும், கடலோட்டமும், வாணிபமும் அதில் ஒன்றாகவே பயணித்தன. ஆண்கள் கடலில் இருந்த மாதங்களில் வீட்டின் பற்றுவரவைப் பார்த்தவர்கள் எமது அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் அல்லவா?

பட்டப்படிப்பில் இவை பிரிந்தன. 1974இல் திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. முகாமைத்துவமும் வர்த்தகமும் பின்னர் தமக்கெனத் தனிப் பீடம் பெற்றன. வாசல்கள் பெருகின. ஆயினும் க.பொ.த. உயர்தரத்தில் ஒரு துறையைத் தெரிந்ததும் மற்ற வாசல்கள் பெரும்பாலும் மூடிக்கொண்டன.

குப்பி விளக்கில் படித்து உயர்தரத்துக்கு வந்தவர்கள் நாம். கணக்கீட்டையும் உயிரியலையும் ஒருசேர விரும்பிய தோழி ஒருத்தி எம்மோடு இருந்தாள். "இரண்டு தோணியில் கால் வைக்காதே, பிள்ளை" என்றார்கள் பெரியவர்கள். அவள் வர்த்தகத்துக்குப் போனாள். நாம் மருத்துவத்துக்கு வந்தோம்.

பல ஆண்டுகளின் பின், ஒரு சிறிய வைத்தியசாலையில் மருந்து இருப்பும் எமது பொறுப்பாயிற்று. பதிவேட்டில் ஒப்பமிடத் தெரிந்தது. அதை வாசிக்கத் தெரியவில்லை. ஒருமுறை அவசியமான மருந்தொன்று தீர்ந்துபோய், தூரத்திலிருந்து வந்த நோயாளரை வெறுங்கையோடு அனுப்பினோம். பிழை எம்முடையதே. அன்றிரவு தோழிக்குத் தொலைபேசி எடுத்தோம். "கட்டளை கொடுத்துச் சாமான் வந்துசேர எத்தனை நாள்? அந்த நாட்களில் ஆகக் கூடினால் எவ்வளவு செலவாகும்? இருப்பு அந்த அளவுக்கு இறங்கும்போதே அடுத்த கட்டளை போக வேணும்" என்றாள். உயர்தர வர்த்தக மாணவி படிக்கும் மறுகட்டளை மட்டம் அதுதான். எந்த மருந்துக்கு நோயாளர் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்க முடியாது என்பது எமக்குத் தெரிந்திருந்தது. இரண்டு அறிவும் சேர்ந்தபோதே பட்டியல் சரியாயிற்று.

இன்று இவ்விணைப்புக்குப் பாதைகள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கு மருத்துவ நிர்வாகத்தில் முதுமாணிக் கற்கை நடத்துகிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் ஒரே பட்டமாக உள்ளன. அவுஸ்திரேலியாவில் வர்த்தகத்தைச் சட்டத்தோடோ பொறியியலோடோ இணைத்து, ஐந்து ஆண்டுகளிலோ சற்றுக் கூடவோ இரு பட்டங்கள் பெறலாம். 1881இல் தொடங்கிய அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரியும் பொறியியலோடு சேர்ந்த இரட்டைப் பட்டத்துக்கு வழி வைத்திருக்கிறது.

எனினும் இரட்டைப் பட்டம் என்றால் கூடுதல் ஆண்டுகள், கூடுதல் செலவு. பெயருக்குப் பின் இன்னும் இரண்டெழுத்துச் சேர்வதற்காக அதை எடுப்பதில் பயனில்லை. முதலில் ஒரு துறையில் உறுதியாகக் காலூன்றி, அங்கே எது குறைகிறது என்று கண்டபின் மற்றதைத் தேடுவதும் நல்ல வழியே. எமது தோழி பட்டத்தின் பின்னர் வேலை பார்த்துக்கொண்டே கணினி கற்றாள். இன்று இரண்டாலும் வாழ்கிறாள்.

எங்கெங்கோ வாழும் சகோதரிகளே! இப்போது உயர்தர வகுப்பில் இருக்கும் எமது தங்கைமாரிடமும் "ஒன்றைத்தான் தெரிய வேண்டும்" என்றே சொல்லப்படுகிறது. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, ஒரு மணி நேரம் அந்த வகுப்பறைக்குச் சென்று உங்கள் தொழிலில் எவையெவை கலந்திருக்கின்றன என்று சொல்லுங்கள். நாம் பதினாறு வயதில் கேட்காமற்போன பேச்சு அது. அவர்களாவது கேட்கட்டும்.